கட்டிப் போட்ட டீச்சர்

நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் புது அங்கன்வாடிக் கட்டடத்தின் படத்தைப் போட்டிருந்தார். சுவர் முழுக்க யானை, கிளி, வாழைத்தாறு. கீழே, “நாம் ஒன்றாக உட்கார்ந்து உருண்டை தின்ற பால்வாடி ஞாபகம் வருகிறது. அது ஒரு பொற்காலம்” என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழே நீங்கள் எல்லோரும் பூவும் கும்பிடும் கையுமாகப் போட்டுத் தள்ளியிருந்தீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பொங்கி வந்த பாலை இறக்கப் போனேன்.

பொற்காலமாம்.

நானும் அந்தப் பால்வாடியில்தான் இருந்தேன். உங்களில் பலருக்கு அப்போது மூன்று வயது, நான்கு வயது. எனக்கு ஐந்து முடிந்திருந்தது. அடுத்த ஆனியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டியவள். அதனால் உங்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாக நினைவிருக்கிறது. அதிலும் பாதிதான் கண்ணால் பார்த்தது. மீதி பெரியவர்கள் பேசும்போது காதில் விழுந்து, வயது ஏற ஏற அர்த்தம் புரிந்தது. யார் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரியும்.

பொங்கல் முடிந்து கரும்பு வெட்டு தொடங்கியிருந்த சமயம். வடக்கனந்தல் பக்கத்து ஊர்களில் அந்த மாதங்களில் வீட்டில் ஒரு ஆளும் தங்காது. ஆண்கள் வெட்ட, பெண்கள் சோகை என்கிற காய்ந்த தோகையைக் கழித்துக் கட்டுக் கட்டி வண்டிக்குச் சுமப்பார்கள். அம்மா வீடு திரும்பும்போது அவள் கைகளில் சோகை கிழித்த கோடுகள் சிவப்புச் சிவப்பாக இருக்கும். தம்பிக்கு அப்போது இரண்டு வயது. மூக்கு எப்போதும் ஒழுகிக்கொண்டே இருக்கும். அவனையும் என்னையும் விடிந்ததும் பால்வாடியில் தள்ளிவிட்டு அம்மா கயினிக்கு, அந்த வயல்வேலைக்கு, ஓடுவாள். பக்கத்து வீட்டிலிருந்து பெரியம்மாவும், அம்மாவின் கூடப் பிறந்த அக்கா, தன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வருவாள். அந்தப் பெண் குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. ஊரே அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டது. தவழ்வதை விட்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். நடப்பதென்றால் ஓட்டம்தான். கால் நிற்கத் தெரியாததால் ஓடுவாள், ஓடி யார் மேலாவது விழுவாள்.

பால்வாடிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பெரிய வீட்டுக்காரர் நிலக்கடலை மூட்டை அடுக்கும் தன் மல்லாட்டைக் கொட்டகையை விட்டுக்கொடுத்திருந்தார். அதற்காக அவருக்கு ஊரில் நல்ல பெயர். மூட்டைகளை எடுத்துவிட்ட பிறகும் அந்த இடத்தில் மல்லாட்டைத் தோலின் தூசி போகவில்லை. மூச்சு இழுத்தால் தொண்டையில் கரகரக்கும். தரை வெடிப்புகளில் சிக்கிக் கிடக்கும் பருப்புகளை ஈர்க்குச்சியால் நோண்டித் தின்போம். கதவு இருந்த இடத்தில் நிலைச்சட்டம் மட்டும் இருந்தது. கதவைப் பெயர்த்துத் தன் புது மாட்டுக்கொட்டகைக்கு மாட்டிக்கொண்டார் பெரிய வீட்டுக்காரர். உள்ளே ஒரே ஒரு சன்னல், இரும்புக் கம்பி போட்டது.

வாசலைத் தாண்டினால் ஒரு புங்கமரம். புங்கமரத்தைத் தாண்டினால் கிணறு. வயலுக்குப் பாயும் பெரிய சதுரக் கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. புல் முளைத்த தரை அப்படியே போய் விளிம்பில் முடிந்துவிடும். பக்கத்தில் என்ஜின் கொட்டகை. கரண்ட் இல்லாத நேரத்தில் எண்ணெய் என்ஜின் ஓடும். அது ஓடும்போது பால்வாடித் தரையே அதிரும். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது.

டீச்சர் மலையிலிருந்து வந்தவர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் ஏதோ ஒரு ஊர். அவர்கள் பக்கத்தில் பத்தாவது தேறிய முதல் பெண் என்று சொல்லிக்கொள்வார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கலாம். அன்றைக்கு எனக்கு அவர் பெரிய மனுஷி. இன்றைக்கு நினைத்தால் அன்றைய அவர் என் மகளைவிடச் சின்னவர். ஊரில் அவருக்கு வாடகைக்கு வீடு கொடுக்க ஆளில்லாமல், பால்வாடியை ஒட்டிய சாய்ப்பிலேயே தங்கினார். சமையலுக்கென்று ஓர் ஆள் வர வேண்டும். வரவே இல்லை. ஆகவே விறகு பொறுக்குவது, குடத்தில் தண்ணீர் சுமப்பது, கோதுமை ரவை கிண்டுவது, சத்துமாவைப் பிசைந்து உருட்டுவது, கழுவி விடுவது, தூங்க வைப்பது, பாட்டுச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவர் ஒருவர்தான். கரும்பு வெட்டுக் காலத்தில் ஊரின் கைக்குழந்தைகள் எல்லாம் அவர் தலையில்.

அவர் தேவதை இல்லை. சட்டென்று கோபம் வரும். எனக்கே ஒருமுறை மண்டையில் குட்டு விழுந்திருக்கிறது. மத்தியானம் குழந்தைகளோடு சேர்ந்து அவரும் கண் அசந்துவிடுவார். ஆனால் அவர் உருட்டிய உருண்டையில் வெல்லம் கரையாமல் சின்னக் கட்டிகளாக இருக்கும். அது நாக்கில் அகப்படுவதற்காகவே நாங்கள் மெதுவாகத் தின்போம். மலைப் பாட்டு ஒன்று பாடுவார். சொற்கள் எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. முடிவில் உதட்டைக் குவித்து ஒரு குருவிச் சத்தம் வரும். அதற்காகக் காத்திருந்து எல்லாக் குழந்தைகளும் கைதட்டும். மரத்தில் செய்த ஒரு வண்டி வைத்திருந்தார், மூன்று சக்கரம், ஒன்று எப்போதும் கழன்று விழும். அதைப் பிடித்துத்தான் பாப்பா நடை பழகினாள். அந்த வண்டி பிறகு எங்கே போனது என்று யார் யாரிடமோ கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியவில்லை.

கட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

டீச்சர் அடுப்புப் பக்கம் போக வேண்டியிருந்தால், தண்ணீருக்குப் போக வேண்டியிருந்தால், தவழ்கிற, தத்தித் தத்தி நடக்கிற பிள்ளைகளைச் சன்னல் கம்பியில் கட்டிவிடுவார். தன் பழைய நீலப் புடவையை நீளநீளமாகக் கிழித்து வைத்திருந்தார். இடுப்பில் ஒரு சுற்று, கம்பியில் ஒரு முடிச்சு. நடுவில் குழந்தை நாலெட்டு நகர இடம் இருக்கும். எங்களைப் போன்ற பெரிய பிள்ளைகளைக் கட்டமாட்டார். எங்களுக்குச் சொன்னால் புரியும் என்பார். வாசற்படியில் ஒரு கோடு கிழித்து, “இத்தத் தாண்டனா டீச்சர் அழுவேன்” என்பார். அடிப்பேன் என்று சொல்லமாட்டார், அழுவேன் என்பார். அதற்கே நாங்கள் பயந்தோம்.

கட்டப்பட்ட பிள்ளைகள் முதல் நாள் அலறின. பிறகு பழகிவிட்டது. தம்பி அந்தத் துணி முனையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். சில நாள் முடிச்சு இறுகி அவன் இடுப்பில் சிவப்பாகத் தடம் விழுந்திருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன். அது உண்மை. மறைக்கவில்லை.

பெரிய வீட்டுக்காரர் என்ஜின் போட வரும்போதெல்லாம் டீச்சர் அவர் பின்னாலேயே போவார். ஒருநாள் அவர்கள் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் டீச்சரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“ஐயா, கெணத்தச் சுத்தி ஒரு செவுரு வெச்சிக் குடுங்க ஐயா. இல்லன்னா வாசலுக்கு ஒரு கதவாவது.”

“பாக்கலாம் பாக்கலாம். கரும்பு எறங்கட்டும்.”

“முள்ளு வெட்டியாவது போடுங்க. புள்ளைங்க நடக்குதுங்க.”

“முள்ளப் போட்டா மாடு எப்பிடித் தண்ணி குடிக்கப் போவும்? புள்ளைங்களப் பாத்துக்கத்தானே உன்ன வெச்சிக்கினு இருக்குது? பாத்துக்கோ.”

சொல்லிவிட்டு அவர் கைப்பிடியைச் சுற்றி என்ஜினை ஓட விட்டார். அதற்குமேல் பேசினாலும் கேட்காது.

மாசி மாதம் ஒரு நாள் நடு மத்தியானத்தில் அம்மா பால்வாடிக்கு வந்தாள். அவள் அந்த நேரத்தில் வந்ததே கிடையாது. கரும்புக் கத்தி விரலில் பட்டுச் சதை பிளந்திருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில், தம்பிக்குப் பால் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். டீச்சர் சாய்ப்பில் கோதுமை ரவை கிண்டிக்கொண்டிருந்தார். உள்ளே தம்பி, பாப்பா, இன்னும் சில சின்னஞ்சிறுசுகள் சன்னலில் கட்டப்பட்டு, தலை ஒருபக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. தம்பியின் மூக்கிலும் வாயிலும் ஈ மொய்த்தது. சட்டை மேலேறி, இடுப்பில் அந்தச் சிவப்புத் தடம்.

அம்மா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. “ஐயோ எம் புள்ளைய கட்டிப் போட்டு வெச்சிக்கினு இருக்காளே!” பல்லாலேயே முடிச்சை இழுத்து அறுத்தாள். விரல் ரத்தம் தம்பியின் சட்டையெல்லாம் பட்டது. அதைப் பார்த்த குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வீறிட்டன. டீச்சர் கரண்டியோடு ஓடி வந்தார்.

“அக்கா, கெணறு இருக்குதுக்கா. நா ஒருத்திதான் இருக்கேன். அடுப்புல நிக்கச் சொல்ல...”

“அதுக்கு? மாட்டக் கட்ற மாதிரி கட்டுவியா? உங்க மலையில அப்பிடித்தான் வளப்பீங்களா? எம் புள்ள இன்னா ஆட்டுக் குட்டியா?”

“எங்க ஊர்ல சரிவுல கொழந்த உருண்டுடும்னு கட்டுவாங்கக்கா. எங்கம்மா என்னயும் கட்டனவதான்...”

அதைச் சொல்லியிருக்கவே கூடாது. அம்மா அந்தத் துணியைச் சுருட்டி டீச்சர் முகத்தில் எறிந்தாள்.

சத்தம் கேட்டுக் கரும்புக் கொல்லையிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் குழந்தையைத் தூக்கி, சட்டையை விலக்கி, இடுப்பைப் பார்த்தாள். தடம் இருந்தவள் கத்தினாள். தடம் இல்லாதவள் அதைவிடக் கத்தினாள். டீச்சர், “அங்க” என்று கையை நீட்டிக் கிணற்றைக் காட்டினார். நான் இப்போதும் அந்தக் கூட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். அவர் காட்டிய பக்கம் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

ஒருத்தியைத் தவிர. பெரியம்மா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் தணிந்த குரலில், “கெணறு தெறந்துதாண்டி கெடக்குது. அது சொல்றதும் நாயம்தானே?” என்றாள்.

“உனுக்குப் புள்ள மேல ஆசையே கெடையாதா?” என்றாள் அம்மா.

பாப்பா பிறப்பதற்கு முன்னால் பெரியம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அது அம்மாவுக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமே மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து. பெரிய வீட்டுக்காரர்தான் நடுவில் உட்கார்ந்தார். சுவர் வைக்காத மனிதர் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தார். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. டீச்சர் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரை உட்காரச் சொல்லவில்லை.

“மலக்காரப் பொண்ணுன்னு அப்பவே நெனச்சேன். கெவுருமென்ட்டுல அனுப்பிட்டாங்களேன்னு பேசாம இருந்தேன்” என்றார் பெரிய வீட்டுக்காரர். “கொட்டாய் என்து. எம் எடத்துல இந்த அநியாயம் நடக்கக் கூடாது.”

“ஐயா, நா உங்ககிட்ட செவுரு கேட்டேனே ஐயா.”

“எதுத்துப் பேசறியா? பாத்தீங்களா, எப்பிடி வாய் போவுதுன்னு.”

கூட்டம் சலசலத்தது. யாரோ ஒருத்தி துப்பினாள். அது டீச்சரின் காலடியில் விழுந்ததா, புடவையில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் தொடைக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். “டீச்சர் கெணத்துக்காகத்தான் கட்னாங்கம்மா” என்று அம்மாவின் புடவையை இழுத்துச் சொன்னேன். சொன்னது நிச்சயம். “வாய மூடு. பெரியவங்க பேசச் சொல்ல இன்னா பேச்சு?” என்று முதுகில் ஒன்று வைத்தாள். ஐந்து வயதுப் பிள்ளையின் சாட்சிக்கு அவ்வளவுதான் மதிப்பு. நாள் முழுக்க அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் நாங்கள். எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் டீச்சர் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸுக்கு நடந்து போனார். நாங்கள் தெருவில் நின்று பார்த்தோம். எங்களைப் பார்த்தும் அவர் குருவிச் சத்தம் போடவில்லை. தலை குனிந்தபடி போனார்.

புது டீச்சர் சங்கராபுரத்திலிருந்து வந்தார். பெரிய வீட்டுக்காரருக்கு ஏதோ ஒரு வகையில் உறவு. கையில் கடிகாரம், மடிப்புக் கலையாத புடவை. பயிற்சி முடித்தவர். அவரையும் குறை சொல்ல மாட்டேன். பொறுமையாகப் பேசுவார். சிலேட்டில் அ, ஆ போட்டுக் கையைப் பிடித்து எழுத வைப்பார். குழந்தைகளைக் கட்டவில்லை. கட்டுவது தப்பு என்று அவர் படித்திருந்தார், அது சரிதான். அவருக்குப் படிப்பு சொல்லிக் கொடுத்தவர்கள் கதவும் சுவரும் உள்ள கட்டடத்தை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்கள். ஊர்ப் பெண்களுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மா கயினியில் வேலை செய்யும்போது, “நாந்தான் அந்த மலக்காரிய வெரட்டனேன். இல்லன்னா இந்தம்மா வந்துருப்பாங்களா?” என்று சொல்லிச் சிரிப்பாளாம். பெரியம்மாவும் பக்கத்திலேயே கட்டுக் கட்டிக்கொண்டிருந்திருப்பாள்.

பங்குனி வெயில் தொடங்கிவிட்டது. அன்று கரண்ட் இல்லை. காலையிலிருந்து எண்ணெய் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எங்களை வட்டமாக உட்கார வைத்து, புது டீச்சர் சாய்ப்பிலிருந்து சாப்பாட்டுக் குண்டானைத் தூக்கி வந்தார். தட்டுகளில் சூடான ரவை விழ விழ, சின்னப் பிள்ளைகள் கையை வைத்துச் சுட்டுக்கொண்டு அழுதன. அவர் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து ஊதி ஆற்றினார். அவர் முதுகு வாசல் பக்கம் இருந்தது. என் முதுகும்தான்.

ஒரு சத்தமும் கேட்கவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசித் தட்டு மீந்தபோதுதான் அவர் எண்ணிப் பார்த்தார். பிறகு கூப்பிட்டார். பிறகு கத்தினார். அவர் கத்துவதும் என்ஜின் இரைச்சலில் வாய் அசைவதுபோலத்தான் தெரிந்தது. என்ஜினை நிறுத்த ஓடிய பண்ணையாள்தான் முதலில் கிணற்றுக்குள் பார்த்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்தார். என்ஜின் நின்ற பிறகு ஊரே அமைதியாகிவிட்டதுபோல் இருந்தது. தண்ணீரில் அவர் கைகள் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பாப்பாவைப் புங்கமரத்தடியில் படுக்க வைத்தார்கள். எங்களைப் பார்க்க விடாமல் உள்ளே தள்ளி, வாசலில் யாரோ புடவையை விரித்துப் பிடித்தார்கள். அன்றைக்குத்தான் அந்த வாசலுக்கு ஒரு மறைப்புக் கிடைத்தது.

பெரியம்மா அழுதது எனக்கு நினைவில்லை. அம்மாதான் மண்ணில் புரண்டு அழுதாள். பெரியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, அம்மாவின் முன்னால் நின்று, “அறுத்துப் போட்டியே” என்றாள். அன்றைக்குச் சொன்னதுதான் அம்மாவிடம் அவள் கடைசியாகச் சொன்னது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அம்மி அரைப்பது இந்தப் பக்கம் கேட்கும். முப்பது வருஷத்துக்கு மேல் இருவரும் அப்படியே வாழ்ந்தார்கள். பெரியம்மா செத்தபோது அம்மா தெருவிலேயே நின்றாள். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை.

ஊர் என்ன பேசியது தெரியுமா? “பச்சப் புள்ளைய வுட்டுட்டுக் கூலிக்குப் போனா இப்பிடித்தான் ஆவும்” என்று பெரிய வீட்டில் சொன்னார்கள். கூலிக்கு வரவில்லையென்றால் ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் அதே வீடுதான். “கெணறு காவு கேட்டுச்சி” என்றார்கள் சிலர். கோயிலில் ஆடு வெட்டினார்கள். புது டீச்சர் அழுதுகொண்டே சங்கராபுரம் போய்விட்டார். அவரையும் கொஞ்ச நாள் திட்டினார்கள். கட்டிப் போட்டவரையும் திட்டினார்கள், கட்டாதவரையும் திட்டினார்கள். கிணற்றுக்குச் சொந்தக்காரரை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

பால்வாடியை மூடிவிட்டார்கள். ஆனால் கரும்பு இன்னும் வெட்டி முடியவில்லை. அம்மா எங்களைக் கயினிக்கே கூட்டிப் போனாள். வரப்போரம் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் தம்பியை உட்கார வைத்து, தன் பழைய புடவையில் ஒரு முழம் கிழித்து, அவன் இடுப்பில் ஒரு சுற்று, மரத்தில் ஒரு முடிச்சு. பாய்ச்சலுக்கு வெட்டிய வாய்க்கால் பக்கத்தில் ஓடியது. முடிச்சைப் போட்டபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை. பிறகு கையால் அந்தத் துணியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். அவிழவில்லை என்று தெரிந்ததும் கரும்புக்குள் போய்விட்டாள். அவள் இறக்கும்வரை இதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உங்களுக்குத் தெரியாத பாகம் ஒன்று இருக்கிறது.

என் மகள் நர்ஸ் வேலையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். போன வருஷம் அவளை மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள நானும் கூடப் போய் இருந்தேன். ஒரு தடுப்பூசி நாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு வயதான அம்மா, மடியில் கைக்குழந்தை. மகள் வயிற்றுப் பேத்தி என்றார். பல் பாதி இல்லை. எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“அங்க நா கொஞ்ச நாளு வேல செஞ்சேன்மா” என்றார். “பால்வாடியில.”

நான் யார் மகள் என்று சொன்னேன். அவர் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார். “நீ உருண்டைய நக்கி நக்கித் தின்னுவியே” என்றார். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார். உங்களை எல்லாம் கேட்டார். திக்கித் திக்கிப் பேசுகிற பையன், மண் தின்கிற பெண், இரட்டைப் பிள்ளைகள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தம்பி திருப்பூரில் இருக்கிறான் என்றதும், “மூக்கு நின்னுச்சா?” என்று கேட்டார்.

கடைசியில் கேட்டார். “உங்க பெரியம்மா பொண்ணு? நடக்க ஆரம்பிச்சிதே. ஒரு எடத்துல நிக்காதே அது. அது எங்க இருக்குது?”

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

அவர் அழுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் மடியில் இருந்த குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “எப்போ?” என்றார்.

“நீங்க போன அடுத்த மாசமே.”

“அடுத்த மாசமா. ஊரே கூடித் துப்பிச்சி. அத்தினி பேரு தப்புன்னா தப்பாத்தான் இருக்கும்னு நெனச்சேன். பொறவு ஒரு வேலைக்கும் எழுதிப் போடல. எங்க ஊர்ல பால்வாடி வந்துச்சி, வந்து கூப்ட்டாங்க. புள்ளைங்களக் கட்டிப் போட்டவ நானு, எனுக்கு வேணாம்னு சொல்லிட்டேன். எம் புள்ளைங்களக்கூடக் கைய ஓங்கி அடக்கனதில்ல. ஒண்ணு சரிவுல வுழுந்து கால் போச்சி. அப்பவும் கட்டல” என்றார்.

“நீங்க செஞ்சது தப்பில்ல டீச்சர்” என்றேன். அந்தப் பெஞ்சில் அந்த வாக்கியம் எவ்வளவு அற்பமாக ஒலித்தது என்று உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது.

“கெணத்துக்குச் செவுரு வெச்சாங்களா?”

“வெச்சாங்க.”

“அந்தப் பொண்ணு செத்ததும் வெச்சாங்களா?”

நான் பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “இல்ல டீச்சர். அடுத்த கோடையில பெரிய வூட்டுக்காரரோட கறவ எரும ஒண்ணு உள்ள வுழுந்து செத்துடுச்சி. அப்பறம் வெச்சாங்க.”

அவர் தலையை மெல்ல ஆட்டினார். உள்ளேயிருந்து என் மகள் அவர் பேத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எழுந்தவர், குழந்தையின் காலைத் துணியால் மூடியபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“நீ இத்த எங்கிட்டச் சொல்லாமயே இருந்துருக்கலாம்மா.”

ஊசி போட்டுவிட்டு அவர் பின்பக்க வாசல் வழியாகப் போய்விட்டார் என்று மகள் பிறகு சொன்னாள். அந்த வழி அவர் ஊருக்குச் சுற்று.

இதைப் படித்துவிட்டு, அந்தப் படத்துக்குப் பூப் போட்டவர்களில் யாருக்காவது மலைக்குப் போய் டீச்சரைப் பார்க்க வேண்டும், சால்வை போட வேண்டும், கூட நின்று படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும் என்று தோன்றலாம். ஊர் எது என்று என்னைக் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். அவர் நம்மில் யாரையும் வரச் சொல்லவில்லை.